கரிசல் பூமியில் வேதப் புத்தகத்துக்கு ஒரு வீடு

அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற மானாவாரி வட்டாரத்தில் ஒரு கிறிஸ்தவப் புத்தக நிலையம் பழைய இடத்தைக் காலி செய்துவிட்டுப் புதிய இடத்தில் குடியேறும்போது மூன்று கேள்விகள் எழும். வாடகையை யார் சுமப்பது? வாங்க வருகிறவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள்? வெயில், தூசி, கரையான் ஆகியவற்றிடமிருந்து புத்தகத்தை எப்படிக் காப்பது? லாபத்துக்கு நடக்கும் கடை என்றால் முதல் கேள்விக்கே விடை கிடைக்காமல் ஷட்டரை இறக்கிவிடலாம். சபைகளுக்காக நடக்கும் கடை அப்படிச் செய்ய முடியாது. அது மூடப்பட்டால் நரிக்குடிப் பக்கத்து உபதேசியார் ஒரு கட்டு ஞாயிறு பள்ளிப் புத்தகத்துக்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

இந்த மூன்று கேள்விகளும் இன்று புதிதாக வந்தவை இல்லை. தமிழில் கிறிஸ்தவ நூல் அச்சான நாளிலிருந்தே கூட வருகின்றன. பழைய தலைமுறைகள் அவற்றுக்குக் கண்ட விடைகள் இன்றைக்கும் உதவும்.

நிலமும் சபைகளும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் முன்பு இராமநாதபுரம் சமஸ்தானத்தின் வரம்புக்குள் இருந்தவை. 1910இல் இராமநாதபுரம் தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்தன. 1985இல் அந்த மாவட்டம் பிரிந்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தன. குண்டாற்றில் மழைக்காலம் தவிர மற்ற நாளில் மணல்தான் தெரியும். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, மல்லி, மிளகாய் என்பதே விவசாயக் கணக்கு. விளைச்சல் கைவிட்ட நிலத்தில் சீமைக் கருவேலம் ஏறிக்கொண்டது. அதை வெட்டிக் கரி மூட்டம் போடுவது பலருக்குப் பிழைப்பானது. அருப்புக்கோட்டை நகருக்கு நெசவும் நூற்பாலையும் வாழ்வு கொடுத்தன. ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர் என்பதால் திருச்சுழியின் பெயர் உலகறிந்தது.

இந்த நிலத்தில் கிறிஸ்தவச் சபைகள் சிறியவை. தொலைவு தொலைவாகச் சிதறிக் கிடப்பவை. கத்தோலிக்கப் பங்குகள், தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்கள், பெந்தெகொஸ்தே சபைகள், வீட்டுக் கூடத்தில் கூடும் ஜெபக் குழுக்கள் என்று வகையும் பல. ஒரு கிராமத்துச் சபையில் பத்துக் குடும்பம் இருந்தாலே நல்ல கூட்டம் என்று சொல்லும் ஊர்கள் உண்டு. ஒரே சபையை மட்டும் நம்பிப் புத்தகக் கடை வைத்தால் அது ஓராண்டு தாங்காது. எல்லாச் சபையாரும் கூச்சமில்லாமல் படியேறும் கடைதான் நிலைக்கும்.

கடற்கரையில் தொடங்கிய அச்சு

தமிழ் அச்சு இந்த வட்டாரத்துக்குத் தெற்கே உள்ள முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காகப் பிறந்தது. என்றிக்கே என்றிக்கசு என்ற சேசு சபைக் குரு உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. பதினாறு பக்கச் சிறு நூல் அது. அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் ‘அடியார் வரலாறு’ என்ற பெருநூல் வந்தது. வாசிப்பவர்கள் கடலோரத்தில் இருந்தார்கள்; அச்சு அவர்களைத் தேடிப் போனது.

உள்நாட்டு வறண்ட பகுதிக்கு அச்சுப் புத்தகம் அவ்வளவு விரைவில் வரவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலியும், 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தரும், ‘தேம்பாவணி’ தந்த வீரமாமுனிவரும் பணி செய்த காலத்தில் சபையாரின் கையில் இருந்தது ஓலைச்சுவடிதான். ஜெபங்களும் மறைக்கல்வியும் ஓலையில் எழுதப்பட்டன. பெரும்பாலோருக்கு அவை வாய்மொழியாகவே போய்ச் சேர்ந்தன.

மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியதும் இரண்டாம் கட்டம் தொடங்கியது. லண்டனில் 1698இல் தொடங்கிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம், அதாவது எஸ்.பி.சி.கே., ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பியது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. புத்தகத்தின் விலையைக் காகிதச் செலவே தீர்மானிக்கிறது என்பதைத் தமிழ் அச்சுலகம் அன்றே கற்றுக்கொண்டது.

இடம் மாறிய அச்சகங்கள்

கிறிஸ்தவ அச்சகங்கள் ஒரே இடத்தில் தங்கியதில்லை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கே கிடைத்த பிரெஞ்சு அச்சு இயந்திரம் சென்னைக்கு வந்தது. அரசாங்க வேலையையும் அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை வேப்பேரியில் இருந்த மிஷனரி பப்ரிசியஸிடம் ஒப்படைத்தார்கள். வேப்பேரி அச்சகம் அப்படித்தான் பிறந்தது. பப்ரிசியஸின் வேதாகம மொழிபெயர்ப்பும் 1779இல் வந்த தமிழ்–ஆங்கில அகராதியும் அந்த மனிதரின் உழைப்புக்குச் சாட்சி.

யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் ஓர் அச்சகம் நடத்தியது. 1838இல் சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகம் வந்தது. அச்சின் அழகுக்குப் பெயர் பெற்றது. 1866இல் அமெரிக்கர்கள் அதை எஸ்.பி.சி.கே.க்கு விற்றுவிட, அந்த எழுத்துகளும் அனுபவமும் வேப்பேரிக்குப் போய்ச் சேர்ந்தன. இயந்திரத்தோடு எழுத்துகளும் அனுபவமும் சேர்ந்தே மாறியபோது வேலை அறுபடவில்லை. கடை இடம் மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. கட்டடம் மாறலாம், கணக்கும் தொடர்பும் கைவிடப்படக் கூடாது.

மதுரை மிஷனும் மண்டபசாலையும்

அருப்புக்கோட்டை வட்டாரத்துக்குச் சீர்திருத்தச் சபையின் புத்தகத்தைக் கொண்டுவந்தது அமெரிக்க மதுரை மிஷன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மிஷனரிகள் 1834இல் மதுரையில் அதைத் தொடங்கினார்கள். நூற்றாண்டின் நடுவில் திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலை ஒரு மிஷன் நிலையமானது. ஹோரஸ் டெய்லர் என்ற மிஷனரி அங்கே நெடுங்காலம் தங்கிப் பணி செய்தார். அருப்புக்கோட்டையும் பின்னர் மிஷன் நிலையங்களில் ஒன்றாக வளர்ந்தது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடும் கீர்த்தனைப் புத்தகத்துக்கும் இதே மிஷன்தான் அடிப்படை போட்டது. எட்வர்ட் வெப் என்ற மதுரை மிஷனரி, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நேரில் கண்டு, அவருடைய பாடல்களையும் பிறர் இயற்றியவற்றையும் திரட்டி 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை அச்சில் கொண்டுவந்தார். மேல்நாட்டு மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டு மட்டுமே ஒலித்த ஆராதனையில் ராகத்தோடும் தாளத்தோடும் கீர்த்தனை இடம்பிடிக்க இந்தத் தொகுப்பு வழி செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத சபையாரும் பாட்டை மனப்பாடமாக்கிக்கொண்டதால் கரிசல் கிராமங்களில் வேதாகமத்துக்கு முன்பே கீர்த்தனை வீடு புகுந்தது. அந்தத் தொகுப்பைப் பிற்காலத்தில் திருத்திப் பெருக்கியவர்களில் ஜார்ஜ் வாஷ்பர்ன் முக்கியமானவர். பசுமலை லெனாக்ஸ் அச்சகமும் ‘சத்தியவர்த்தமானி’ பத்திரிகையும் அவர் பெயரோடு சேர்ந்தவை. மதுரையை ஒட்டிய பசுமலையில் அச்சகம் வந்ததால் சென்னையிலிருந்து வண்டியில் வர வேண்டிய பாடநூலும் துண்டுப் பிரசுரமும் ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் கிடைத்தன.

தோளில் வந்த கடை

அந்தக் காலத்தில் கடை என்று ஒரு கட்டடம் இந்த ஊர்களில் இல்லை. கொல்போர்த்தர் என்ற புத்தக ஊழியரே கடை. சுவிசேஷப் பகுதிகள், துண்டுப் பிரசுரங்கள், பள்ளிப் புத்தகம், பஞ்சாங்கம் போன்ற சிறு நூல் எல்லாம் அவருடைய மூட்டையில் இருக்கும். வாரச் சந்தை, தேர்த்திருவிழா, மாட்டுத் தாவணி எங்கே கூட்டமோ அங்கே துணியை விரிப்பார். மிஷனரிகள் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போகும்போதும் புத்தகப் பெட்டி கூடவே போகும். பாட்டு, பிரசங்கம், விற்பனை மூன்றும் ஒரே இடத்தில் நடக்கும்.

புத்தகத்தை இலவசமாகக் கொடுப்பதா, விலைக்குக் கொடுப்பதா என்ற விவாதம் அன்று பெரிதாக நடந்தது. விலைக்கே கொடுக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மர்டாக். அவர் 1819இல் பிறந்து, 1844இல் இலங்கைக்கு ஆசிரியப் பணிக்காக வந்தார். 1858இல் தொடங்கிய கிறிஸ்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கத்தின் பிரதிநிதியாக இந்தியா முழுவதும் சுற்றினார். அந்தச் சங்கமே 1891இல் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது, சி.எல்.எஸ். என்று தமிழ்ச் சபையார் சொல்வது அதைத்தான். தமிழில் அச்சான நூல்கள் அனைத்தையும் வகைப்படுத்தி 1865இல் மர்டாக் வெளியிட்ட பட்டியல் கிறிஸ்தவ நூல், சைவ நூல், வைணவ நூல் என்ற வேறுபாடில்லாமல் எல்லாவற்றையும் பதிவு செய்தது. இன்றும் தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர்கள் அதைப் புரட்டாமல் எழுத முடியாது. 1904இல் சென்னையில் இறக்கும் வரை அவர் பிடித்துக்கொண்டிருந்த கொள்கை எளியது: நூல் நன்றாக எழுதப்பட வேண்டும், மலிவாக அச்சாக வேண்டும், ஒரு தம்பிடியாவது கொடுத்து வாங்கப்பட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய நூலைத்தான் வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பார்.

படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் மலிவு நூலும் விலைபோகாது. கிராமத்துச் சபைப் பள்ளிகள் பையன்களுக்கு எழுத்தறிவு கொடுத்தன. பெண்களுக்கு அதைக் கொடுத்தவர்கள் ‘பைபிள் உமன்’ என்று அழைக்கப்பட்ட ஊழியப் பெண்கள். வீடு வீடாகப் போய்த் திண்ணையிலும் அடுப்படியிலும் உட்கார்ந்து அரிச்சுவடி தொடங்கிச் சுவிசேஷம் வரை கற்பித்தார்கள். அவர்களைப் பயிற்றுவிக்க ஈவா ஸ்விஃப்ட் 1892இல் மதுரையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கிறிஸ்தவர் அல்லாத வீடுகளிலும் அவர்களிடம் படித்த பெண்கள் ஏராளம். புத்தகம் வாங்கும் கை அந்த வீடுகளில் உருவானது.

இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. மானாவாரி நிலம் முழுவதும் கருகியது. வயிற்றுக்கே வழியில்லாத காலத்தில் புத்தக விற்பனை நடக்காது. மழை பொய்த்த ஆண்டில் புத்தகக் கணக்கும் பொய்க்கும் என்பது இந்த வட்டாரத்தின் நிரந்தர விதி. அதனால்தான் விற்பனை லாபத்தை மட்டும் நம்பி இங்கே கடை நடத்த முடியாது.

வேதாகமமும் சபை ஒன்றிப்பும்

ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்ட தமிழ் வேதாகமம் 1871இல் முழுமையாக வெளிவந்தது. சீர்திருத்தச் சபையார் நூற்றைம்பது ஆண்டாக மனப்பாடம் செய்துவரும் வசனங்கள் இந்தப் பதிப்பினுடையவை. பிறகு எளிய தமிழிலும் திருத்திய வடிவிலும் பல பதிப்புகள் வந்தபோதும், கடைக்கு வருகிறவர் ‘பழைய பைபிள்தானே?’ என்று உறுதி செய்துகொண்டே பணம் எடுக்கிறார். கத்தோலிக்கர்களிடையே இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வீட்டில் வேதம் வாசிக்கும் பழக்கம் பரவியது. 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தது. ஆகவே இரண்டு பெரிய மொழிநடைகளும் ஒரே கடை அலமாரியில் அருகருகே நிற்கின்றன.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை மிஷனின் சபைகள் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்துக்குள் வந்தன. அதன் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின். மிஷன் பணம் குறைந்து உள்ளூர்க் காணிக்கையில் சபை நடக்கத் தொடங்கிய காலம் அது. கொல்போர்த்தர் என்ற பதவி மெல்ல மறைந்தது. பஸ் வசதி பெருகியது. 1960களில் விருதுநகர்–அருப்புக்கோட்டை–மானாமதுரை ரயில் பாதை வந்தது. ஊர் ஊராகப் புத்தகம் போன காலம் போய், நகரத்துக்குப் புத்தகம் தேடி ஆள் வரும் காலம் வந்தது. அப்போதுதான் நிலையான கடை என்ற தேவை பிறந்தது.

அலமாரியில் என்ன இருக்கிறது

சிறு நகரத்துக் கிறிஸ்தவப் புத்தக நிலையத்தின் சரக்கு நான்கு வகை. முதலாவது வேதாகமம்: பை அளவு, நடுத்தர அளவு, பெரிய எழுத்து, ஜிப் வைத்தது, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது. இந்திய வேதாகமச் சங்கம் அடக்க விலைக்கும் குறைவாக வேதாகமத்தைத் தருவதால் இதில் கடைக்கு மிஞ்சுவது சொற்பம். இரண்டாவது ஆராதனை நூல்கள்: கீர்த்தனைப் புத்தகம், ஞானப்பாட்டு, கத்தோலிக்கருக்கான ஜெபப் புத்தகம், சபை ரிஜிஸ்டர், ஞானஸ்நான சர்டிபிகேட். மூன்றாவது வாசிப்பு நூல்கள்: ‘மோட்சப் பிரயாணம்’ போன்று தலைமுறை தலைமுறையாக விற்பவை, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’, வேத விளக்கவுரைகள், வாழ்க்கை வரலாறுகள், அனுதின தியான நூல்கள். நான்காவது மற்ற பொருள்கள்: வசனப் பலகை, வாக்குத்தத்த அட்டை, காலண்டர், டைரி, இராப்போஜனக் கிண்ணங்கள், காணிக்கைப் பை.

வாடகையைக் கட்டுவது பெரும்பாலும் நான்காவது வகைதான். அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. காலண்டர், டைரி, பரிசுப் பொருளுக்கு உண்டு. ஆகவே பில் போடும்போது இரண்டையும் பிரித்தே போட வேண்டும். கணக்கில் இந்தப் பிரிவைத் தெளிவாக வைத்தால், எந்த வகை கடையைத் தாங்குகிறது, எதற்குச் சபையின் உதவி தேவை என்பதும் ஆண்டு முடிவில் துலங்கும்.

விற்பவருக்கு வேண்டிய முதல் தகுதி, எதிரில் நிற்பவர் எந்தச் சபை, அவருக்கு என்ன தேவை என்று கேட்காமலே புரிந்துகொள்வது. ‘பூசைப் புத்தகம்’ என்று கேட்டால் அவர் கத்தோலிக்கர். ‘சங்கீதப் புத்தகம் தனியாக உண்டா’ என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் இருக்கும் உறவினருக்காக இருக்கலாம். கிராமத்திலிருந்து வரும் வயதான அம்மா பெரிய எழுத்து பைபிள் கேட்டால், அனுபவமுள்ள விற்பனையாளர் விலையைச் சொல்வதற்கு முன் மூன்று அளவுகளில் 23ஆம் சங்கீதத்தைத் திறந்து முன்னால் வைப்பார். “அம்மா, எது கண்ணுக்குத் தெளிவாத் தெரியுது, வாசிச்சுப் பாருங்க” என்பார். அந்த அம்மா விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்துவார். விரல் தடுமாறாத பக்கம் எதுவோ அதுதான் அவருக்கான புத்தகம். ஆன்லைனில் வாங்கும்போது இந்தச் சோதனைக்கு வழியில்லை.

ஆண்டுச் சுற்று

வியாபாரம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். இதே மாவட்டத்தில் உலகறிந்த அச்சு நகரம் இருப்பது அருப்புக்கோட்டைக் கடைகளுக்குப் பெரிய வசதி. வசனக் காலண்டரும் வாக்குத்தத்த அட்டையும் அங்கேதான் அச்சாகின்றன. ஆடி முடிந்ததும் ஆர்டர் கொடுத்தால் மார்கழிக்குள் கைக்கு வரும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை உச்ச விற்பனை. தை, மாசியில் அறுப்பின் பண்டிகைகள் தொடங்கும். நெல், மிளகாய், கோழி, ஆடு என்று காணிக்கை வந்து ஏலம் போகும் அந்த நாளில் ஆலய வளாகத்தில் புத்தக மேசை போட்டால் நல்ல விற்பனை உண்டு. தவக்காலத்தில் தியான நூல். ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான பாட்டுப் புத்தகமும் பாட அட்டைகளும். ஜூனில் ஞாயிறு பள்ளிப் பாடநூல். ஜூலை முதல் அக்டோபர் வரை மந்தம். இடம் மாற்றத் தோதான காலம் இந்த மந்த மாதங்களே. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிந்துவிட வேண்டும்.

வளாகமா, கடைவீதியா?

புதிய இடத்துக்கு இரண்டு வாய்ப்புகள் வழக்கமாக வரும். ஒன்று ஆலய வளாகம். அங்கே வாடகை இல்லை அல்லது மிகக் குறைவு, பாதுகாப்பு உண்டு, ஞாயிறு காலை கூட்டம் தானாக வரும். ஆனால் திங்கள் முதல் சனி வரை வெறிச்சோடிக் கிடக்கும். வேறு சபையாரும், கிறிஸ்தவர் அல்லாதவரும் ஆலயக் கேட்டைத் தாண்டி உள்ளே வரத் தயங்குவார்கள். இன்னொன்று கடைவீதி அல்லது பஸ் ஸ்டாண்டுப் பக்கம். அங்கே வாடகையும் அட்வான்ஸும் அதிகம். ஆனால் திருச்சுழி, ரெட்டியபட்டி, நரிக்குடி, கமுதி பஸ்களில் வருகிறவர்கள் ஜவுளி எடுத்துவிட்டு, மருந்து வாங்கிவிட்டு, திரும்பும் பஸ்ஸுக்கு முன் கால் மணி நேரம் நுழையலாம். கடையின் வாசகர் எப்படி வருகிறார் என்பதைப் பார்த்தால் விடை தெளிவு. இந்த வட்டாரத்தில் அவர் பஸ்ஸில் வருகிறார். ஆகவே கடை பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில், தரைத் தளத்தில் இருக்க வேண்டும். மாடி வாடகை பாதிதான் என்றாலும் பெரிய எழுத்து பைபிள் வாங்க வருகிறவருக்கு மாடிப்படி பெரும் தடை.

வாடகை வித்தியாசத்தைச் சபைகள் பகிர்ந்துகொள்வதே முதல் கேள்விக்கான விடை. பல சபைகள் ஆளுக்குக் கொஞ்சம் மாதச் சந்தாவாகக் கொடுத்து, அந்தத் தொகைக்கு நிகரான நூலை ஆண்டு முடிவில் தங்கள் ஞாயிறு பள்ளிக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு எளியது, நடைமுறைக்கு ஏற்றது. கொடுத்தவருக்கும் நூல் கிடைக்கிறது. கடைக்கும் முன்பணம் கிடைக்கிறது.

குடிபுகும் வேலை

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும். அந்த மண்ணில் நிற்கும் கட்டடங்களின் சுவரில் விரிசல் விழுவது இயல்பு. விரிசல் வழியே ஈரமும் கரையானும் ஏறும். புதிய இடத்தைப் பேசி முடிப்பதற்கு முன் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரிப்பது நல்லது. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மர அலமாரியைவிட இரும்பு ரேக் இந்த மண்ணுக்குத் தோதானது. பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று ஒரு கிலோவைத் தாண்டும். தட்டு வளையாமல் இருக்க நடுவில் தாங்கல் வேண்டும்.

பழைய கடையைக் காலி செய்யும்போதே இருப்புக் கணக்கு எடுப்பது முக்கியம். அட்டைப் பெட்டியில் வகை, எண்ணிக்கை எழுதிப் பட்டியலின் ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளும் போட வேண்டும். வேதாகமத்தை முதுகு மேலே வரும்படி அடுக்கினால் தையல் தளரும். படுக்கை வாட்டில் அடுக்கினால் தளராது. மெல்லிய வேதாகமத் தாளுக்கு மேற்கு வெயில் ஆகாது, மஞ்சளித்து நொறுங்கும். மேற்குச் சன்னலுக்குத் திரை வேண்டும் அல்லது அந்தப் பக்கம் காலண்டரையும் பலகையையும் வைக்க வேண்டும். ராமபாணப் பூச்சிக்குப் பாச்சா உருண்டையும், பழைய வழியில் வேப்பிலையும் வசம்பும் உதவும். ஆனாலும் மாதம் ஒரு முறை எடுத்துத் தூசி தட்டி வைப்பதற்கு நிகரான மருந்து இல்லை.

குடிபுகுந்த செய்தி வாசகரைச் சேர வேண்டும். ஒவ்வொரு சபையிலும் ஞாயிறு அறிவிப்பில் புதிய முகவரியை வாசிக்கச் சொல்லுவதுதான் சிறந்த விளம்பரம். பிரதிஷ்டை ஜெபத்துக்கு ஒரு சபையின் போதகரை மட்டும் அழைக்காமல் பங்குத்தந்தையையும் மற்றச் சபைப் போதகர்களையும் சேர்த்து அழைத்தால், இது எல்லாருக்கும் உரிய கடை என்ற எண்ணம் முதல் நாளே விழும்.

அஞ்சலும் கைபேசியும்

தொலைவில் இருக்கும் வாசகருக்கு நூல் அனுப்பப் பல தலைமுறையாக உதவிய பதிவுப் புத்தக அஞ்சலை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. பதிப்பாளர்களுக்கும் சிறு கடைகளுக்கும் அது பெரிய அடி. அதன்பின் 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை வந்தது. கல்வி நூல்களோடு சமய, பண்பாட்டு நூல்களையும் அதில் அனுப்பலாம். கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி, 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. திருச்சுழிக்கு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்து உபதேசியாருக்கு இந்தக் கட்டணம் மதுரைக்குப் போய்வரும் பஸ் செலவைவிடக் குறைவு.

கைபேசியில் வேதாகமச் செயலி வந்துவிட்டது. ஆராதனையில் திரையில் பாட்டு ஓடுகிறது. இதனால் சிறிய வேதாகமத்தின் விற்பனைக்கும் பாட்டுப் புத்தக விற்பனைக்கும் அடி விழுந்தது உண்மை. ஆனால் திருமணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் பரிசாகக் கொடுப்பது இன்றும் அச்சு வேதாகமமே. பெயர் எழுதி, தேதி எழுதி, போதகர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அந்தப் புத்தகம்தான்.

வெளிநாட்டுப் பாடம்

பணக்கார நாடுகளின் பெரிய கடைத்தொடர்கள் இந்த மாற்றத்தைத் தாங்கவில்லை. அமெரிக்காவில் சுமார் 240 கடைகள் வைத்திருந்த ஃபேமிலி கிறிஸ்டியன் 2017இல் மூடியது. லைஃப்வே நிறுவனம் தன் 170 கடைகளையும் மூடுவதாக 2019இல் அறிவித்தது. தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பிய அதே எஸ்.பி.சி.கே., இங்கிலாந்தில் இருந்த தன் கடைகளை 2006இல் வேறொரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. சில ஆண்டுகளில் அந்தத் தொடர் சிதறியது. ஆனால் சில ஊர்களில் உள்ளூர்ச் சபையாரும் வாசகர்களும் சேர்ந்து சமூகக் கடையாக அதை மீண்டும் திறந்தார்கள். தலைமையகத்தை நம்பிய கடை விழுந்தது. ஊரை நம்பிய கடை எழுந்தது. கரிசல் வட்டாரத்துக்குப் பொருந்தும் பாடம் இதுவே.

சபைகள் செய்ய வேண்டியது

புதிய இடத்துக்கு வந்த புத்தக நிலையம் நிலைப்பதற்குச் சபைகளின் கையில் சில வேலைகள் உண்டு. ஞாயிறு பள்ளிக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் வேண்டியதை வெளியூரில் வாங்காமல் உள்ளூர்க் கடையிலேயே முன்கூட்டி ஆர்டர் கொடுக்கலாம். அறுப்பின் பண்டிகை வளாகத்தில் ஒரு மேசை இடத்தைக் கட்டணமில்லாமல் ஒதுக்கலாம். ஒவ்வொரு சேகரமும் ஒரு பொறுப்பாளரை வைத்து, மாதம் ஒரு முறை கிராமத்துத் தேவையை எழுதி வாங்கி ஒரே பார்சலாக எடுத்துப் போகலாம். கொல்போர்த்தர் செய்த வேலையின் இன்றைய வடிவம் அது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மொய்யோடு ஒரு நல்ல நூலும் கொடுக்கலாம்.

மழை பெய்யாத ஆண்டிலும் இந்த வட்டாரத்துச் சபையார் ஆலயம் கட்டினார்கள், பள்ளி நடத்தினார்கள். ஒரு புத்தகக் கடையின் வாடகை அவற்றோடு பார்த்தால் சிறிய தொகை. அதைச் சபைகள் சேர்ந்து ஏற்றுக்கொண்டால் கடை நிலைக்கும். ஒருவர் தலையில் விட்டுவிட்டால் இன்னொரு முறை இடம் மாறும், பிறகு மூடும். அந்த முடிவு கடைக்காரர் கையில் இல்லை. சபையாரின் கையில் இருக்கிறது.